பாலில் கலந்த சொட்டு

பெயின்டர் கர்வம் பிடித்த மனுஷன். கர்வப்படக் காரணமும் இருந்தது. பாதிச் சுவரை இடித்துப் பூசிவிட்டு, மீதிப் பாதியின் பழைய நிறத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி அடிக்கச் சொன்னால், எது பழசு எது புதுசு என்று வீட்டுக்காரரே குழம்பிப் போவார். வெள்ளை வாளியில் சொட்டுச் சொட்டாகக் கலர் விட்டு, கலக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இப்ப எவன் கண்டுபிடிக்கிறான், பாக்கலாம்" என்பார். எவனும் கண்டுபிடித்ததில்லை.

அவருடைய ஒரே மகளை வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். நாலு வயது. ஆட்டிசம் என்று போன வருஷம்தான் சொன்னார்கள். பேச்சு வரவில்லை. சாப்பாடு என்றால் ஓரம் வெட்டிய ரொட்டி, பால், ஒரே கம்பெனி பிஸ்கட். அவ்வளவுதான். ரொட்டி கொஞ்சம் கருகினாலும் தொடமாட்டாள். தட்டில் பழத்தை வைத்தால் தட்டே பறக்கும். "பட்டினி போடு, தானா திம்பா" என்று சொந்தக்காரர்கள் வாய் கூசாமல் சொன்னார்கள். ஒரு தடவை போட்டும் பார்த்தாயிற்று. உதடு காய்ந்து சுருண்டு படுத்தாளே தவிர, வேறு எதையும் தொடவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க மறுத்தது. காலைத் தொட்டால் வீடு அதிரக் கத்தியது. தலையணையில் ரத்தக் கறை. ஈறிலிருந்து வந்த ரத்தம். பெயின்டர் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எலும்புக்குப் படம் எடுத்தார்கள், முறிவு ஒன்றுமில்லை. கடைசியில் குழந்தைகள் டாக்டரம்மா ஒருத்தர்தான் கேட்டார்: "என்ன சாப்பிடுறா?"

அம்மா சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"பழம், காய் எதுவுமே இல்லையா? உடம்புல வைட்டமின் சி சுத்தமா தீர்ந்திருக்கும். அதான் ஈறுல ரத்தம், காலுக்குள்ள வலி. திரும்ப நடப்பா, பயப்படாதீங்க. ஆனா இந்தச் சொட்டு மருந்து உள்ள போயாகணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அவ சாப்பிடுறதுல தெரியாம கலந்துடாதீங்க. கண்டுபிடிச்சா அதையும் விட்டுடுவா. இருக்கிறதே மூணு."

பெயின்டர் பெரிதாகத் தலையாட்டினார். ஆட்டினாரே தவிர மண்டைக்குள் ஏறவில்லை.

வீட்டில் ஸ்பூனை நீட்டினால் பட்டு பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடி நீட்டினால் ஸ்பூன் சுவரில் போய் விழுந்தது. அழுத அழுகையில் கால் அசைந்து, அந்த வலியில் இன்னும் அழுதாள். தாங்க முடியாமல் அம்மா முகம் கழுவக் குளியலறைக்குப் போனாள். பெயின்டர் பால் கோப்பையை எடுத்தார். ஊரையே ஏமாற்றுகிற கை, ஒரு கோப்பைப் பாலை ஏமாற்றாதா?

ஒரு சொட்டு விட்டார். கலக்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மருந்து விடாத பாலோடு ஒத்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு. அச்சு அசல் வெள்ளை. பாவி மனுஷன், கண்ணை மட்டும்தான் நம்பினார். மருந்தில் ஆரஞ்சு வாசனை தூக்கலாக இருந்தது. வருஷக்கணக்காகப் பெயின்ட், தின்னர் நெடியிலேயே கிடந்து மரத்துப்போன மூக்குக்கு அது எப்படித் தெரியும்?

பட்டு ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். கத்தவில்லை. வாயைத் திறந்து பாலை அப்படியே ஒழுகவிட்டாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

அன்றோடு பால் போயிற்று. புதுப் பால், புதுக் கோப்பை, ஒன்றுக்கும் மசியவில்லை. மறுநாள் ரொட்டியையும் பிஸ்கட்டையும் தள்ளிவிட்டாள். தண்ணீரும் இறங்கவில்லை.

"என்னங்க பண்ணீங்க?" என்றாள் மனைவி.

சொன்னார்.

"இருக்கிறதே மூணுன்னு அந்தம்மா சொன்னாங்களே. உங்க காதுல விழலையா?"

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத்தான் எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. "அப்பா, கையைக் கெட்டியா புடிங்க" என்றாள் நர்ஸ். பட்டு திமிறினாள். அவர் பிடித்தார். வாய்விட்டு அழுதுகொண்டே பிடித்தார். டாக்டரம்மா திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "இனிமே மருந்தைத் தனிக் கிண்ணத்துல, அவ கண் முன்னாடியே வையுங்க. தொட்டுப் பாக்கட்டும், துப்பட்டும், பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார்.

வீடு திரும்பினார்கள். ஈறில் ரத்தம் நின்றது. அம்மா கையிலிருந்து பட்டு ரொட்டி வாங்கித் தின்றாள், கிண்ணத்து மருந்தைக்கூட விரலால் தொட்டு நக்கினாள். அப்பா பக்கம் மட்டும் திரும்பவில்லை. பாலை அதற்குப் பிறகு தொடவேயில்லை.

ஒரு நாள் காலை அவர் ரொட்டி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்தபடி பட்டு சமையலறை வாசல்படியில் நின்றாள். நடந்து வந்திருந்தாள்! மனைவியைக் கூப்பிட வாயெடுத்தவர், பட்டு மிரண்டுவிடுவாளோ என்று அடக்கிக்கொண்டார். ஓரம் வெட்டிய ரொட்டியை நீட்டினார்.

அவள் கிட்டே வந்தாள். ரொட்டியை வாங்கவில்லை. அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். ரொட்டியை முகர்ந்தாள். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள், கையைத் திருப்பி உள்ளங்கையையும் முகர்ந்தாள்.

"ஒண்ணும் கலக்கல கண்ணு. சத்தியமா ஒண்ணும் கலக்கல."

பட்டு மறுபடியும் முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.