பதினாறு திருகாணிகள்

தங்கை வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துத்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. நாலு மணிக்கு விடுதி வண்டி வரும். இன்றும் துணி தயாராக இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக் அண்ணன் உள்தொட்டியைக் கையால் சுற்றிப் பார்த்தார். கரகரவென்றது. பேரிங் போயிருந்தது.

"அவ்வளவுதானே? மாத்திடு அண்ணே. இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற?"

"மாத்தணும்னா வெளித்தொட்டிய ரெண்டாப் பிரிக்கணும்மா. விளிம்ப உருக்கி ஒட்டியிருக்கு. பிரிக்க வழியில்ல."

"எந்தக் கட்டையில போறவன் இப்படி ஒட்டினான்?"

அவர் ஒட்டிய விளிம்பை விரலால் தடவினார்.

ஒட்டச் சொன்னவரே அவர்தான். இந்த இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் தொட்டி பூட்டியவர். அப்போது இரண்டு பாதிக்கும் நடுவே ரப்பர் வளையம், சுற்றிலும் பதினாறு திருகாணிகள். ஒன்று தளர்ந்தாலும் நீர் கசியும். திரும்பி வந்த இயந்திரங்கள் மலையாகக் குவிந்தன. திட்டு முழுக்கத் திருகாணி பூட்டியவர்களுக்கு. பொறுக்க மாட்டாமல்தான் அவர் விளிம்பை உருக்கி ஒட்டிவிடலாம் என்று யோசனை எழுதிக் கொடுத்தார். கசிவு நின்றது. மேடையேற்றிப் பரிசு கொடுத்தார்கள். பேரிங் தேய்ந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் திருகாணி பூட்டுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அவருக்கும்தான்.

அந்தப் பரிசை வாங்கும் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவள் தங்கை.

அவர் ரம்பத்தை எடுத்தார். ஒட்டிய இடத்தை அறுத்தார், பேரிங்கை மாற்றினார், மெலிந்த விளிம்பில் பதினாறு துளை போட்டுத் திருகினார், பசை பூசினார். இயந்திரம் பூனைபோல ஓடியது.

"என் அண்ணன்னா சும்மாவா!" என்றாள் தங்கை.

தண்ணீர் நிரம்பி வேகமாகச் சுற்றியதும் விளிம்பு விரிந்தது. ஒரு நொடியில் தரையெல்லாம் வெள்ளம்.

நாலு மணிக்கு வண்டிக்காரர் அழுக்கு மூட்டைகளையும், நுரை சொட்டிய விரிப்புகளையும் அள்ளிக்கொண்டு போனார். "இனிமே வர மாட்டேன்கா" என்று மட்டும் சொன்னார்.

தங்கை துடைப்பத்தோடு குனிந்தாள். நிமிர்ந்தபோது கண் சுவரிலிருந்த படத்தில் நின்றது.

"அண்ணே, இத்தன வருஷமா கேட்டதே இல்ல. அந்தப் பரிசு எதுக்குக் குடுத்தாங்க?"

அவர் ஈரக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒழுகாம பண்ணதுக்கு."