கேட்காமல் எரித்த இசைத்தட்டு

இந்த ஊரில் செத்தவர்களின் சாமான்களை மாதா கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். கோயிலை ஒட்டிய கூடத்தில் அவற்றைப் பரப்பி விற்கிறார்கள். வசதி உள்ளவர்களும் முகம் சுளிக்காமல் வாங்கிப் போகிறார்கள். நம் ஊரில் செத்தவர் படுத்த பாயைக்கூட வீட்டில் வைத்திருக்க மாட்டோம். பாரிசுக்கு வெளியே இங்கே வந்து ஆறு வருஷம் ஆகியும், அந்தக் கூடத்துக்குப் போய்வந்தால் குளிக்காமல் சாமி விளக்கைத் தொட எனக்கு மனசு வராது. ஆனால் குளிர்காலம் வருவதற்குள் கோட்டு வாங்கவேண்டுமே. போன மாசம் போனேன்.

கோட்டுகளுக்குக் கீழே ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. மேலே கிடந்த இரண்டைத் தள்ளியதும் கை நின்றுவிட்டது. மஞ்சள் அட்டை, அதில் கறுப்பாகப் பாதங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, நடுவில் அம்புக்குறிகள். ச்சா-ச்சா-ச்சா ஆடச் சொல்லிக்கொடுக்கிற தட்டு. கடையைப் பார்த்துக்கொள்ளும் வயசான அம்மாள், “வூ தான்சே, மிசியே?” என்றாள். ஆடுவீர்களா என்று கேட்கிறாள். நம்மூர்ப் பழக்கத்தில் தலையை ஆட்டிவைத்தேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டவள், கோட்டு வரிசைகளுக்கு நடுவில் தானே ஆடிக் காட்டினாள். பிறகு, இது பெரிய பாடகர்கள் பாடியது இல்லை, பேர் தெரியாதவர்களை வைத்து மலிவுக்குப் போட்டது, நல்லதாக வேறு தேடித் தருகிறேன் என்றாள். எனக்கு இதுதான் வேண்டும் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கோட்டை மறந்துவிட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் முதலியார்பேட்டையில் இருந்தோம். நான் மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா இல்லாத வீடு. தங்கை குமுதாவுக்குப் பதினாறு வயசு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். அவர் மனைவி இதே மஞ்சள் அட்டைத் தட்டைக் குமுதாவுக்குக் கொடுத்திருந்தார். எங்களிடம் பிளேயர் கிடையாது. அவள் எதிர்வீட்டில் போய்த்தான் கேட்பாள்.

நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். கோகுலாஷ்டமி அன்று அரிசிமாவைக் கரைத்து, மூடிய கையைத் தோய்த்து, வாசலிலிருந்து சாமி அறை வரைக்கும் கண்ணன் பாதம் பதிப்பது குமுதாவின் வேலை. அந்த வருஷம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், பாதங்கள் நேராகப் போகவில்லை. இரண்டு முன்னால், ஒன்று பின்னால், நடுக்கூடத்தில் ஒரு சுற்று. பக்கத்தில் அந்த அட்டை கிடக்கிறது. சாமி பாதத்தில் கூத்தா என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. “கிருஷ்ணரு மட்டும் நேராவா நடந்தாரு? அவரு ஆடினவருதானேண்ணா” என்றாள். அறைந்துவிட்டேன். ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, தட்டை அட்டையோடு வெந்நீர் அடுப்பில் திணித்தேன். பலகாரம் வைத்துப் படைக்கிற நேரத்தில் வீடெல்லாம் தார் மாதிரி நாற்றம். மறுவருஷத்திலிருந்து அம்மாதான் பாதம் பதித்தாள். குமுதா காலாப்பட்டுக்குக் கல்யாணமாகிப் போகும் வரைக்கும் மாவில் கை வைக்கவே இல்லை. என் மாமனாரும் சொல்தா, அதனால் என் மனைவிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு, அந்த வழியில் நான் இங்கே வந்தேன்.

மகனுடைய பிளேயரில் தட்டை ஓடவிட்டேன். மலிவுச் சரக்குதானே என்று அசிரத்தையாகத்தான் உட்கார்ந்தேன். பேர்கூடப் போடாத அந்த ஆட்கள் உயிரைக் கொடுத்து வாசித்திருந்தார்கள். மார்கழி பஜனையில் ஜால்ரா சூடுபிடிக்கும்போது கால் தானாகத் தாளம் போடுமே, அப்படிப் போட்டது. இதில் என்ன பாவத்தைக் கண்டேன்? ஒரு தடவைகூடக் கேட்காமல்தானே எரித்தேன்.

அன்றைக்கே குமுதாவுக்கு எழுதினேன். தட்டு கிடைத்தது, அனுப்பிவைக்கிறேன், அண்ணனை மன்னித்துவிடு என்று. நேற்றுப் பதில் வந்தது. “எந்த ரெக்கார்டுன்னு ஞாபகம் வரலண்ணா. எப்பவோ நடந்தத விடு. இங்க போட்டுக் கேக்கப் பெட்டியும் இல்ல, அனுப்பாத.” அவ்வளவுதான் என்று மடிக்கப் போனேன். அடியில் வேறு மையில் ஒரு வரி இருந்தது. “அட்டையில மூணாவது பாதத்த வலது காலாப் போட்டிருப்பான். அது தப்பு. எடது கால்தான். அன்னிக்கு நான் சரியாத்தான் வச்சிருந்தேன்.”

அட்டையை எடுத்துப் பார்த்தேன். இடது, வலது என்று வைத்தபின் மூன்றாவதையும் வலதாகவே போட்டிருந்தான். அவள் சொன்னது சரி.

இன்றைக்குக் கோகுலாஷ்டமி. மனைவியிடம் மாவுக் கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் ஏழாவது மாடி வீட்டில், கதவிலிருந்து சாமி அலமாரி வரைக்கும் பதித்தேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, அந்த ஒன்று இடது கால். இப்படி வந்தால் கண்ணன் அலமாரிக்கு எப்போது வந்து சேருவார் என்று மனைவி கேட்டாள். மெதுவாக வரட்டும் என்றேன். இரண்டு அடி இங்கே வைத்தாலும், ஒரு அடி முதலியார்பேட்டைப் பக்கம் திரும்பிப் போய்விட்டுத்தானே அவர் வரவேண்டும்.