நாலிலிருந்து எண்ணிய லேப்டாப்

சத்தியமா நடந்தது. கதை கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் இல்ல, அவசியமும் இல்ல. பழைய லேப்டாப் வாங்கி விக்கிறவன் நான்.

மதியம் மூணு மணிக்கு ஒரு அக்கா வந்தாங்க. எதிர்த்த ஆஸ்பத்திரியில அவங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷனாம்.

"அவரு லேப்டாப் தம்பி. கண்ணு மாதிரி வெச்சிருந்தாரு. சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டணும். நல்ல விலை போட்டுக் குடுங்க."

"டெஸ்ட் பண்ணிட்டு சொல்றேன்க்கா."

அவங்க ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாங்க. நான் உக்காந்தேன். டெஸ்ட்டுன்னா என்ன? குத்தம் கண்டுபிடிச்சு விலையை இறக்குறதுதான். ஆனா இதுல ஒரு கீறல் கூட இல்ல. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

டிஸ்க்கைக் கழட்டி மேஜையில வெச்சேன். என் பென்டிரைவைச் செருகி, அதுலருந்தே லேப்டாப்பை ஓட்டினேன். எப்பவும் அப்படித்தான். பழைய ஃபைல் எதுவும் உள்ள இருக்காது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கடைசியா மைக் டெஸ்ட். மணி 3.41.

பட்டனை அமுக்கி, "ஒண்ணு... ரெண்டு... மூணு"ன்னு சொன்னேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். என் குரல். கொஞ்சம் இரைச்சல். அப்புறம்...

"நாலு."

ஒரு ஆம்பளைக் குரல். நாக்கு தடிச்ச மாதிரி.

கடையில நான் மட்டும்தான். கதவைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். 3.44. மறுபடியும் மூணு வரைக்கும் எண்ணினேன்.

"அஞ்சு."

உண்மையைச் சொல்லிடுறேன். எனக்குப் பயத்தை விட சந்தோஷம்தான் வந்துச்சு. மைக்ல கோளாறு! பாதி விலைக்கு அடிச்சுடலாம்.

இன்னும் ரெண்டு தடவை அமுக்கினேன். ஆறு. ஏழு. குரல் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு.

3.52. இந்தத் தடவை பட்டனை மட்டும் அமுக்கினேன், வாயே திறக்கல.

"எட்டு..."

மறுபடியும் அமுக்கினேன்.

3.55.

"ஒன்பது..." கூடவே ஒரு மூச்சிரைப்பு.

விட்டுத் தொலைச்சிருக்கலாம். அக்காவுக்குப் போட்டுக் காட்ட ஆதாரம் வேணுமே! ஃபோன்ல ரெக்கார்டை ஆன் பண்ணி, பட்டனை அமுக்கினேன்.

3.58.

"பத்து."

நிம்மதியா சொன்ன மாதிரி இருந்துச்சு.

திரை அணைஞ்சது.

என் ஃபோன்ல எதுவும் பதிவாகல.

அஞ்சரைக்கு அக்கா வந்தாங்க. கண்ணு வீங்கியிருந்துச்சு.

"பணம் மெதுவா குடுங்க தம்பி. இனிமே அவசரமில்ல."

அவங்களே சொன்னாங்க.

"மயக்க ஊசி போடும்போது பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாங்களாம். மூணு சொன்னதும் தூங்கிட்டாராம். அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல."

"எத்தனை மணிக்குக்கா?"

"உயிர் போனது மூணு அம்பத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தாங்க."

ஒரு ரூபா கூட குறைக்காம முழு விலையும் குடுத்துட்டேன். அது கிடக்கட்டும். அவரு எண்ணாம விட்டது ஏழு நம்பர்.

விலையைக் குறைக்க நான் பட்டனை அமுக்கினதும் ஏழு தடவை.