உடைய வேண்டிய விமானம்

அப்பாவைப் போன மாதம் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். இஞ்ஞாசி என்பது அவர் பெயர். பெங்களூரில் போர் விமானம் கட்டும் இடத்தில் ஃபிட்டராக இருந்தார்.

புதிய விமானத்துக்கு முதலில் சில மாதிரிகள் செய்வார்கள். சில பறந்து பார்க்க. ஒன்று தரையிலேயே கட்டிவைத்து, இறக்கைகளை முறியும்வரை மேல்நோக்கி இழுத்துப் பார்க்க. அப்பா வேலை பார்த்தது அந்த ஒன்றில். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும். அதற்கு முன் முறிந்தால் மறுபடியும் வேலை. தாங்கிவிட்டால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஊரில், நாகல் நகர் வீட்டில் நானும் அம்மா செபஸ்தியம்மாளும் மட்டும். விமானம் உடையக் கூடாது என்று அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்த அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஒடையணும் செபஸ்தி. அதுக்குத்தான் செய்யுறோம். சொன்ன சுமைக்கு முன்னாடி ஒடையக் கூடாது, அம்புட்டுத்தான். மாத்திக் கேளு."

"சாமிகிட்ட போயி இம்புட்டுக் கணக்குப் பேசவா? நீங்களே வந்து பேசுங்க."

சோதனை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1998இல் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தாள். அப்பா அடக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் பொறியியல் படிக்கக் கோவைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

இரண்டாயிரத்தில் சோதனை நடந்தது. குறித்த சுமையைத் தாண்டித்தான் இறக்கை முறிந்தது. எல்லாரும் கைதட்டினார்களாம். விடுதிக்குப் போன் செய்து எனக்குச் சொன்னார்.

சொன்னபடி ஊருக்கு வந்தார். அம்மாவின் நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. கோயில் வாசல் கடையில் கை, கால், கண், வீடு எல்லாம் தகட்டில் செய்து விற்றார்கள். விமானம் இல்லை. அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, அவரே ஒன்று செய்தார்.

அது என்னவென்று பக்கத்து வீட்டு சௌகத் அலி கேட்டிருக்கிறார்.

"நேர்த்திக்கடன் பாய். எங்க விமானம் ஒடஞ்சிருச்சு."

"அடடா, எத்தன வருச உழைப்பு. மனச விட்டுராதீங்கண்ணே."

அப்பா விளக்கவில்லை. வாரம் முழுக்கத் தெருவில் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லாருக்கும் தலையாட்டினார்.

நான் விடுமுறைக்குப் போனபோது இதையெல்லாம் என்னிடம் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒங்கம்மா மாத்திக் கேட்டாளா?"

தெரியவில்லை என்றேன். தகட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனார்.