அய்யாசாமியின் இடது இடுப்பு

அய்யாசாமிக்கு இரண்டு வேலை. ஒன்று, பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை மத்திய சர்க்காரின் ஃபைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்துவது. இன்னொன்று கனவு காண்பது. முதல் வேலையில் அவ்வப்போது லீவு போடுவார். இரண்டாவதில் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

டில்லி ஆர்.கே.புரத்தில் அவர் பெயர் தெரியாதவர்கள் உண்டு, ஆளைத் தெரியாதவர்கள் கிடையாது. பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற மதராஸி என்றால் போதும். பெண்ணுக்கு ஏழு வயசு, பெயர் லீலாவதி. குறைமாசத்தில் பிறந்தவள், பிறந்ததும் உடனே அழவில்லை. மூச்சு முட்டிய அந்தக் கொஞ்ச நேரத்தில் மூளையில் ஏதோ ஆகிவிட்டது, அதனால் கை கால்களுக்குப் போகிற சேதி தாறுமாறாகப் போய்ச் சேருகிறது என்றார் டாக்டர். தலை நிற்க இரண்டு வயசு ஆயிற்று. சாயாமல் உட்கார நாலு வயசு. நிறுத்திப் பார்த்தால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. தமிழும் ஹிந்தியும் கலந்து மெல்ல மெல்லப் பேசுவாள், ஆனால் விடமாட்டாள்.

அய்யாசாமி அவளுக்குக் காலாக இருந்தார். அவள் தம்ளரைப் பார்த்தால் தம்ளர் வாய்க்கு வரும். ஜன்னலைப் பார்த்தால் அவளே ஜன்னலுக்குப் போய்விடுவாள். ஏழு வருஷம் சுமந்ததில் அவருடைய இடது இடுப்பு வெளியே தள்ளி, தோள் சரிந்து, உடம்பே ஒரு நாற்காலியாகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குடியிருந்தது மாடி குவார்ட்டர்ஸ். பத்தொன்பது படி. மெடிக்கல் சர்டிபிகேட் வைத்துத் தரைத்தள வீட்டுக்கு எழுதிப்போட்டு நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமும் அவருக்கு ஒரே கனவுதான். ஜனவரி மத்தியானம். வீட்டு வாசலில் புல்தரை. இளம் வெயில். ஸ்வெட்டர் பின்னுகிற பெண்களின் பேச்சு, வறுத்த கடலை வாசனை. நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியில், சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு லீலா. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதும் அந்த வெயில் அவர் மேல் அடிக்கும். ஃபைலைத் திறந்தால் காகிதம் புல்லாகிவிடும்.

லோதி ரோடுப் பக்கம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு சின்ன மையத்துக்கு வாரம் ஒருமுறை அய்யாசாமியும் மனைவி இந்திராணியும் பெண்ணைக் கூட்டிப்போனார்கள். அங்கே பயிற்சி கொடுத்த அக்னஸ் தூத்துக்குடிக்காரி. முதல் நாளே லீலாவை அவர் இடுப்பிலிருந்து வாங்கி, சுருட்டிய ரஜாய்ப் போர்வையின் மேல் குதிரை ஏறுகிற மாதிரி உட்காரவைத்தாள். பின்னிய கால்கள் மெல்ல விலகின.

“சார், இவளுக்கு ஜன்னலைப் பாக்கணும்னா என்ன செய்வா?” என்று கேட்டாள்.

“நான் தூக்கிக் காட்டுவேன்மா” என்றார் அய்யாசாமி பெருமையாக.

“அது நீங்க செய்யுதது. அவ என்ன செய்வா?”

அய்யாசாமி இந்திராணியைப் பார்த்தார். இந்திராணி பெண்ணைப் பார்த்தாள். அக்னஸே சொன்னாள்:

“கையும் காலும் வேலை செஞ்சாதான் பழகும். வீட்டுலயே மாடிப்படி இருக்குன்னு சொல்லுதிய. உக்காந்த வாக்குல இறங்கட்டும். ஏறுறது உங்க பாடு, இறங்குறது அவ பாடு. நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ரெண்டு படி கீழ நில்லுங்க, போதும்.”

போதுமாம்! கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கல்லவா தெரியும். லீலா இரண்டு உள்ளங்கையையும் படியில் ஊன்றுவாள். வலது கை உடனே விரியும், இடது கை முஷ்டியாகவே இருக்கும், அதைக் கெஞ்சி விரிக்கவேண்டும். பிறகு இடுப்பை முன்னே தள்ளி, தொப்பென்று அடுத்த படியில் விழுவாள். கால்கள் பின்னிக்கொண்டால் கையால் பிரித்துவிட வேண்டும். எங்கேயாவது குக்கர் விசில் அடித்தால் உடம்பு முழுக்க விறைத்துவிடும். அப்போது சூடான பாலை ஊதுவது மாதிரி ஊதச் சொல்லியிருந்தாள் அக்னஸ். ஊதினால் உடம்பு தளரும். முதல் படிக்கே பதினைந்து நாள் ஆயிற்று. தை பிறக்கும்போது பன்னிரண்டாம் படிக்கு வந்திருந்தாள். அங்கே களைத்துப்போய் நின்றுவிட்டாள்.

அந்த வாரம்தான் அலாட்மென்ட் கடிதம் வந்தது. அதே செக்டார், தரைத்தளம், வாசலில் புல்தரை. எட்டு நாளுக்குள் குடிபோக வேண்டும். இந்திராணி கடிதத்தைச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு அழுதாள். அய்யாசாமி லீலாவிடம் போய்க் கனவை முழுக்கச் சொன்னார். வெயில், புல், கடலை.

“அங்க சீடி?” என்று கேட்டாள்.

“படியே கிடையாதுடா கண்ணு!”

அவள் உதடு பிதுங்கியது. “நான் இன்னும் கீழ வரலியே, அப்பா.”

அய்யாசாமி திகைத்துப்போனார். “ஞாயித்துக்கிழமை சாமான் போகும். அன்னிக்கு நீயே இறங்கி வா. நான் தூக்கமாட்டேன்” என்றார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நடக்காவிட்டால்? பத்தொன்பதாம் படியைப் பார்க்காமலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டால்?

மறுநாள் ஆபீசில் வழக்கம்போல அந்த வெயில் வந்தது. புல் வந்தது. பிரம்பு நாற்காலியும் லீலாவும் வந்தார்கள். அன்றுதான் அவர் கவனித்தார். நாலு வருஷமாக அவள் அந்த நாற்காலியை விட்டு அசைந்ததே இல்லை. கனவில்கூட அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறார்! அய்யாசாமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியிலிருந்து அவளை இறக்கிவிடப் பார்த்தார். இறங்கிய பிறகு அவள் எந்தப் பக்கம் போவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அவள் பதினாறு படி வந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

ஞாயிறு காலை டெம்போ வந்து நின்றது. லீலா முதல் படியில் உட்கார்ந்தபோது ஆட்கள் ஸ்டீல் அலமாரியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பாதி தூரம் வந்தபோது அவர்கள் மேல்படியில் நின்றார்கள். கீழே டெம்போக்காரன், “ஜல்தி கரோ பாயி!” என்று அவசரப்படுத்திக் கத்தினான். அலமாரியை முதுகில் தாங்கியிருந்தவன் கீழே எட்டிப்பார்த்து, வாயில் விரலை வைத்து அவனை அடக்கினான்.

பதினேழாம் படி. பின்னாலிருந்து ஒரு வாளி நழுவிப் படிகளில் உருண்டது. லீலா விறைத்தாள். கால்கள் பின்னின, முதுகு வளைந்தது, உடம்பு பக்கவாட்டில் சரிந்தது. அய்யாசாமியின் கைகள் முன்னால் பாய்ந்துவிட்டன.

“நஹீ! கையைப் பின்னாடி, அப்பா!”

அவர் கையை இழுத்துக்கொண்டார். அதைவிடக் கஷ்டமான காரியம் அவர் வாழ்நாளில் செய்ததில்லை. லீலா ஊதினாள். மறுபடி ஊதினாள். வாளி உருண்ட சத்தம் ஓய்ந்தது. இடது கை ஒவ்வொரு விரலாக விரிந்தது. தொப். பதினெட்டு. காலைக் கையால் பிரித்துவிட்டுக்கொண்டாள். தொப்.

உள்ளங்கால் இரண்டும் சிமென்ட்டில் பட்டன. வலது குதிகாலும் பட்டது. அவள் அதோடு நிற்கவில்லை. தரையிலேயே கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து, வழியை விட்டு, வெயில் விழுந்த இடத்துக்குப் போனாள். போய் உட்கார்ந்து, மேலே பார்த்து, “ஆ ஜாவோ, பையா” என்று அலமாரிக்கு இறங்கிவர உத்தரவு கொடுத்தாள்.

நாற்காலி இல்லை, புல் இல்லை. வெயில் இருந்தது. யாரும் அவளைக் கொண்டுவந்து வைக்கவில்லை. அய்யாசாமிக்குக் கண் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது.

லீலா அவரைப் பார்த்துச் சிரித்தாள். “நான் இங்க இருக்கேன். நீ ஏன் அப்படி நிக்கற?”

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். இடது இடுப்பை வெளியே தள்ளி, கையை வளைத்து, இல்லாத பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்றிருந்தார். நேராக நிற்கப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை.

“மெல்ல, அப்பா” என்றாள் லீலா. “ஊதிக்கோ.”