பிரயாணிகள் எழுந்து நிற்கவும்

போன சனிக்கிழமை சவரக்கடையில், முகம் முழுவதும் சோப்பு நுரையோடு சாய்ந்து கிடந்தபோது, நான் கிறிஸ்து மார்க்கத்தை விட்ட காரணத்தைத் தெரிந்துகொண்டேன்.

சொன்னவர் நாவிதர். மூவாரிலிருந்து பத்து பாகாட்டுக்கு வந்து ஒரு மாதந்தான் ஆகிறது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, யாரோ கேட்டுவிட்டதுபோல ஆரம்பித்தார்.

"ரெங்கத்துல ஒரு உபதேசியார் இருந்தாராங்க. தோட்டம் தோட்டமா மணி அடிச்சு வேதம் சொன்னவராம். திடீர்னு ஒரு நாள் சைக்கிளையும் மணியையும் வெச்சுட்டு, வேதமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு போயிட்டாராம். ஏன் தெரியுமா? பொம்பள."

"எந்த ஊர்ப் பொம்பள?" என்று கேட்டார், பெஞ்சில் காத்திருந்த ஜவுளிக்கடை மரைக்காயர். அவருக்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். முகத்தைப் பத்திரிகைக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"சயாம்காரின்னு பேச்சு."

"போன வருஷம் சீனத்தியால்ல இருந்தா" என்றார் மரைக்காயர். பத்திரிகை குலுங்கியது.

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் மறுப்புரை சொல்வதில்லை. ஆனால் நண்பரே, நீங்களும் ஒருமுறை இதையே சுற்றி வளைத்துக் கேட்டீர்கள். உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

நான் ஒழுங்கைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். பேனாவை வைத்த இடத்தில் அது இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. தினம் நாட்குறிப்பு எழுதுகிறேன்; அதில் மழை பெய்ததா இல்லையா என்பதைத் தவிரப் படிக்கத் தகுந்தது எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு இந்த ஊர்க்காரர்களின் வதந்திகள் தரும் முதல் எரிச்சல், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான். பொய்தான் சொல்கிறார்கள், ஒரே பொய்யாகச் சொல்லக்கூடாதா? மரைக்காயர் வீட்டில் பெருநாளுக்கு ஒரு தட்டு சாப்பிட்டேன். நான் சுன்னத்துச் செய்துகொண்டதாகக் குளுவாங் வரை போய்விட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். எனக்குக் கோயிலில் பதவி தரப்போவதாகச் சொன்னார்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்னவர்கள் கொஞ்சம் நல்லவர்கள், பரிதாபப்பட்டுச் சொன்னார்கள். ஒரு மனிதன் யோசித்து ஒரு முடிவுக்கு வரக்கூடும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பிறரிடம் எப்படி எதிர்பார்ப்பார்கள்?

நாவிதர் பூசியது காரம் கூடிய சிவப்புச் சோப்பு. அதன் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மிஷன் பங்களாவின் பின்வராந்தா ஞாபகம் வந்தது. அங்கேயும் இதே நெடிதான். தோட்டத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பெரிய ஐயர் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். பாதிரிமாரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம். இவர் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரர். தமிழை வேதப் புத்தகத்தில் மட்டுமே படித்தவராதலால், குசினிக்காரனிடம் முட்டை கேட்பதைக்கூடத் தீர்க்கதரிசனம் போலத்தான் கேட்பார். எங்கள் கைகளைக் குலுக்குவார், குழந்தைகளின் தலையைத் தடவுவார். பிறகு வராந்தாவுக்குப் போய்க் கழுவுவார். அதை நான் வெகு காலம் சுத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஜெர்மன் யுத்தம் தொடங்கிய சமயத்தில் நான் கப்பலேறிச் சிங்கப்பூர்ப் பக்கம் இந்தச் சீமைக்கு வந்தேன். மிஷன் பள்ளியில் படித்தவன், கணீரென்ற குரல். அந்தக் குரலில் எனக்கிருந்த மயக்கத்தை என்னவென்று சொல்ல! சுருக்கமாக ஜெபிக்கத் தெரியாது. ரெங்கத்தைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள்தாம் என் வட்டம். ஞாயிற்றுக்கிழமை மரங்களில் பால்வெட்டு முடிந்து ஆட்கள் குளித்துவிட்டு வர மத்தியானம் ஆகிவிடும். தோட்டத்துத் துரை கொடுத்த இடத்தில், துரை கொடுத்த பலகைகளால், அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு ஒரு கொட்டகை. அதுதான் கோயில். புகைக்கூடத்திலிருந்து ரப்பர் வாடை வந்துகொண்டேயிருக்கும். எங்கள் சங்கீதத்துக்கு அதுதான் சாம்பிராணி.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பிரயாணம் போகிறவர்கள் ஆராதனை முடியும் தறுவாயில் எழுந்து நிற்பார்கள். நான் இறங்கிப்போய்த் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொல்வேன். சபை முழுவதும் சேர்ந்து ஆமென் சொல்லும். கப்பலில் வந்த நாளில் பயத்தினால் தோன்றியிருக்க வேண்டும் இந்த வழக்கம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட அது இல்லாமல் கிளம்பமாட்டார்கள். "சபையின் ஆமென்தான் பிரயாணிக்குக் குடை" என்று நானே முழங்கியிருக்கிறேன். வாய்க்கு நன்றாக இருந்தது, முழங்கினேன். பால்வெட்டும் பெண் ஒருத்தி அதை வார்த்தைக்கு வார்த்தை நம்பிக்கொண்டிருப்பாள் என்று எனக்கென்ன தெரியும்?

அவள் பெயர் ஞானம்மாள். அவள் புருஷன் மாசிலாமணி. நான் மிஷனை விட்ட அந்த வருஷம் தோட்டத்துக்காரர்கள் மலையடிவாரத்தில் புதுக்காடு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அங்கே போன ஆண்கள் ஜுரத்தில் விழுந்தார்கள், சிலர் திரும்பவேயில்லை. அடுத்த கும்பலில் மாசிலாமணியின் பெயர் இருந்தது. சட்டப்படி, முன்கூட்டி நோட்டீசு கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம். நோட்டீசு கொடுத்தவனை மறுநாளே புதுக்காட்டுக்கு அனுப்புவது சட்டத்தில் இல்லை, தோட்டத்தில் உண்டு. ஆகையால் போகிறவர்கள் சொல்லாமல்தான் போனார்கள். ரெங்கம் ஸ்டேஷனில் கங்காணியின் ஆட்கள் நின்று பிடித்தார்கள்.

ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் இருவரும் என்னை நிறுத்தினார்கள்.

"ஐயா, ஒரு பிரயாணம் இருக்கு" என்றாள் ஞானம்மாள். "இந்த ஞாயித்துக்கிழமை கை வெச்சு அனுப்பிருங்க."

"ஊர்ல எவளாச்சும் சொல்லிட்டு ஓடுவாளா?" என்றான் மாசிலாமணி.

"ஓடல. போறோம். ஓடுறவுகளுக்குத்தான் ஆசீர்வாதம் வேணாம்."

கூட்டத்தில் எழுந்து நின்றால் கங்காணிக்குத் தெரிந்துவிடும், இங்கேயே ஜெபித்து அனுப்புகிறேன் என்றேன்.

"இங்கயா?" அவள் குழாயைப் பார்த்தாள். "சபை ஆமென் சொல்லணும்யா. நீங்கதானே சொன்னீங்க? பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்குப் போறோம்னு எழுந்து நிக்கிறோம். யாரு கண்டா?"

"புடிச்சிட்டான்னா என்னய மட்டும்தான் காட்டுக்கு அனுப்புவான். இவ லயத்துல உக்காந்து சங்கீதம் பாடுவா" என்றான் மாசிலாமணி. ஆனால் அவனும் அந்த ஆமென் இல்லாமல் கிளம்பத் தயாராக இல்லை. பேச்சுதான் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய ஐயர் என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். துரையோடு தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தார். புதுக்காட்டுக்குப் பயந்து சிலர் ஓடப்போவதாகத் துரைக்குச் செய்தி எட்டியிருந்தது. யாரென்று தெரியவில்லை.

"பிரயாணிகள் உம்மிடம் எழுந்து நிற்பார்கள் அல்லவா?" என்றார் ஐயர்.

"ஆமாங்கய்யா."

"இந்த ஞாயிற்றுக்கிழமை கிராணியும் ஆராதனைக்கு வருகிறார். பின்பெஞ்சில் இருப்பார். நீர் வழக்கம்போல் அழையும்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கிராணி என்பவர் தோட்டத்து ஆபீசில் ஆள்பெயர் எழுதுகிறவர். அதுவரை எங்கள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தவரல்ல.

"அது ஜெபமாச்சேங்கய்யா" என்றேன்.

"ஜெபம் தேவனுக்கு. கொட்டகையோ துரை தந்தது" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உமக்குத் தொண்டை கட்டியிருந்தால் நானே அழைக்கிறேன்."

பிறகு பின்வராந்தாவுக்குப் போய்க் கை கழுவினார். அன்று அவர் யாரையும் தொட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் ஏதேதோ வேலை சொல்லி என்னைப் பங்களாவிலேயே வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை துரையின் மோட்டார் காரில் ஐயர் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். முதன்முதலாகக் காரில் வந்திறங்கிய உபதேசியாரைச் சபை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஞானம்மாள் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தாள். கெட்டியான செருப்புப் போட்டிருந்தாள். பால்வெட்டுகிறவர்கள் கோயிலுக்குச் செருப்புப் போட்டு வருவதில்லை. அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. பின்பெஞ்சில் கிராணி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகைக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

நான் அன்று என்ன பிரசங்கித்தேன் என்று எனக்கே தெரியாது. நீளமாக இழுத்தேன். ஐயர் ஒருமுறை இருமினார். அழைக்காமல் விட்டால் அவர் அழைப்பார். அவர் அழைத்தால் அவள் எழுந்துவிடுவாள்.

"பிரயாணிகள் எழுந்து நிற்கவும்" என்றேன்.

ஞானம்மாள் முழங்காலில் கையூன்றினாள். நான் மூச்சு விடாமல் தொடர்ந்தேன்: "இங்கே பிரயாணி அல்லாதவர் யார்? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறாமல் வந்தவர் யார்? எல்லோரும் எழுந்திருங்கள்."

கொஞ்சம் சலசலப்பு. முன்வரிசைக் கிழவர் ஒருவர், "நான் எங்கயும் போகலயே ஐயா" என்றார்.

"வந்தீங்கல்ல? எழுந்திருங்க."

எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கங்காணியின் மச்சான்கள் எழுந்தார்கள். சுற்றிலும் எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுக் கிராணியும் தொப்பியோடு எழுந்தார். நான் ஒவ்வொரு தலையிலும் கை வைத்துக்கொண்டே போனேன். கிராணி தலையிலும் வைத்தேன், தேங்காயெண்ணெய் வடிந்தது. கடைசியில் சபை சொன்ன ஆமெனில் அத்தாப்புக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். வாயில் வந்தது, வந்தபடி சொன்னேன். என் குரல் ஒருவருக்காவது பிரயோஜனப்பட்டது அன்று ஒருநாள்தான்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் போய்விட்டார்கள். ரெங்கம் ஸ்டேஷனை விட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்து, குளுவாங்கில் ஒரு சீனருடைய லாரியில் ஏறி, பத்து பாகாட் வந்து சேர்ந்தார்கள்.

பெரிய ஐயர் கோபித்திருந்தால் நான் ஒருவேளை இன்றும் உபதேசியாராகவே இருந்திருப்பேன். அவர்கள் போன செய்தி வந்தபோதும் அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "நல்ல பிரசங்கம்" என்றார். "அடுத்த முறை பிரயாணிகளைப் பெயர் சொல்லி அழையும்."

அடுத்த முறை. அதற்கும் அடுத்த முறை. மறுநாள் காலையில் மணியையும் சைக்கிளையும் பின்வராந்தாவில், அந்தச் சோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மிஷனை விட்டால் விடுகிறது, மார்க்கத்தை ஏன் விடவேண்டும் என்று கேட்பீர்கள். ஞானம்மாளும் அதைத்தான் கேட்டாள். இங்கே அன்னாசி டப்பா போடும் கொட்டகையில் நான் சரக்கு மேற்பார்வைக்கு வந்தபோது அவளும் அங்கேதான் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறுகூடக் கோயில் தவறியதில்லை.

"ஒரு பாதிரி செஞ்சதுக்குக் கடவுள் என்னய்யா பண்ணுவாரு?"

"அன்னிக்கு அவர் எந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தாருன்னு எனக்குத் தெரியலம்மா" என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை அவள்.

இதில் தத்துவம் ஒன்றும் இல்லை நண்பரே. நானும் இங்கே ஒரு வருஷம் கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால், பின்பெஞ்சில் யார் இருக்கிறார் என்றுதான் மனம் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு ஜெபத்தை நடத்திக்கொண்டு போக, பெரிய ஐயரால் முடியும். என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். சயாம்காரியைவிட இது மட்டமான கதை. அதனால்தான் யாரும் சொல்வதில்லை. ஊரில் என்னைப்பற்றிப் பேசுவதை ஏன் திருத்தக்கூடாது என்று ஞானம்மாளிடமே ஒருமுறை கேட்டேன். "திருத்தினேனே. நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள். "நெசத்தச் சொன்னா, 'அட, அதுக்கெல்லாமா ஒருத்தன் விடுவான்?'னு சிரிக்கிறாங்க. பொம்பளன்னாத்தான்யா ஒத்துக்கிறாங்க."

அவள் இறந்து சில காலமாயிற்று. மாசிலாமணி அதற்கு முன்பே. ஜுரத்தால் அல்ல, வயதால். அதை ஒரு வெற்றியாகவே வைத்திருக்கிறேன். ரப்பர் விலை விழுந்தபோது அந்தத் தோட்டத்தாரில் பாதிப்பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் சொல்லித்தான் அழைத்தார்களாம். கொட்டகையில் இப்போது ரப்பர் ஷீட்டு அடுக்கியிருக்கிறது. பெரிய ஐயர் சீமைக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குக் கை கழுவ அவசியம் இருக்கிறதோ என்னவோ.

நாவிதர் சவரத்தை முடித்துத் துண்டால் என் முகத்தைத் துடைத்தார். "வெள்ளிக்கிழமை கடை கிடையாதுங்க. சிங்கப்பூர் போறேன், பஸ்ஸுல" என்றார். கடைக்கும் தெருவுக்குமாகக் கேட்கச் சொன்னார்.

"வர்றப்ப நல்ல கத்தரிக்கோலா ஒண்ணு வாங்கிட்டு வாய்யா" என்றார் மரைக்காயர், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேறு யாரும் தலைநிமிரவில்லை. நிமிரத்தான் என்ன இருக்கிறது? இப்போது பிரயாணத்துக்கு டிக்கெட் போதும். போர்த்தியிருந்த துணிக்கடியில் என் வலது கை கொஞ்சம் மேலே எழும்பியது. அதைக் கொண்டுபோய்க் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.