சல்மா உம்மாவின் மற்ற மருமகன்

மசூர் டெய்லர் தென்னை மரத்தில் ஏறியது பயத்தினால்தான் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பயத்தினால்தான். ஏழு கையும் பலாப்பழத் தொந்தியுமாக ஒன்று துரத்திக்கொண்டு வந்தால் இவர்களெல்லாம் நின்று ஸலாம் சொல்லியிருப்பார்களாக்கும்! அன்றைக்கு வீட்டையும் வாசலையும் திறந்து போட்டுவிட்டுக் கடற்கரை மணலில் போய் விழுந்தவர்கள்தான் இப்போது வீரம் கதைக்கிறார்கள். நானும் அந்த மணலில்தான் கிடந்தேன், ஆனால் நான் வீரம் கதைப்பதில்லை. பக்கத்து வளவு வீட்டுக்காரன் என்ற உரிமையில் நடந்ததை மசூரிடம் ஒருமுறையும் அவருடைய மாமி சல்மா உம்மாவிடம் ஒருமுறையும் கேட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின. அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துச் சொல்லியிருக்கவும் வழியில்லை, ஏனென்றால் அவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதே இல்லை.

சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து முறை அது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாமி அவர் கண்ணில் படமாட்டார், அவர் காதில் படவும் கதைக்கமாட்டார். மசூர் பாலமுனையிலிருந்து வந்து சல்மா உம்மாவின் மகள் சுஹறாவைக் கட்டினார். கல்முனை பஸாரில் தையல் கடை. இயல்பிலேயே வாயில்லாத மனிதர். ஊசிக்கு நூல் கோக்கும்போது மூடிய வாயைப் பிறகு திறக்க மறந்துவிட்டார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அந்த வீட்டில் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. மசூர் வரும்போது வாசல் படலையடியில் நின்று இருமுவார். இரண்டு குட்டை இருமல், பிறகு ஒரு நீட்டு இருமல், தையல் மெஷின் மிதிக்கத் தொடங்குவதுபோல. அதைக் கேட்டதும் மாமி குசினிக்குள் ஒதுங்கிவிடுவார். சோறு போட்ட பீங்கான் திரைக்குக் கீழால் வரும். சாப்பிட்டு முடித்து வெறும் பீங்கானைத் திரும்பத் தள்ள வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் தள்ளுவதற்கு முன் நகத்தால் அதில் ஒரு தட்டு. அவ்வளவுதான் பேச்சு.

மசூர் தட்டியதே இல்லை. வெட்கம். பசியோடு எழும்பிப் போய்க் கடையில் பணிஸ் வாங்கித் தின்றிருக்கிறார். மாமிக்கு அது தெரியுமா? திரைக்கு உள்ளே இருந்து அந்த நகச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்து, தட்டாத பீங்கானைக் கையில் எடுத்து மனம் உடைந்து போவார்.

"பாலமுனையில என்னத்தத்தான் தின்னுறாங்களோ? என்ட ஆணம் அந்த மனிசனுக்கு இறங்குதில்லகா," என்று சுஹறாவிடம் சொல்லி அழுதும் இருக்கிறார். மீன் ஆணம் வைத்தால் அந்தக் குழம்பில் ஒரு கிண்ணம் வராதா என்று மூன்று வீடு தள்ளியிருப்பவர்கள்கூடச் சோற்றைப் பிசையாமல் காத்திருப்பார்கள், அப்படிப்பட்ட கைக்கு இந்த வேதனை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருசம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை, அந்தச் சாமான் வானத்திலிருந்து வட்டை வயல்களுக்குள் வந்து இறங்கியது. கந்தூரிக்குச் சோறு ஆக்கும் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல, ஆனால் பள்ளிவாசல் அளவு. வயலில் நின்ற பாண்டிருப்பு சாமித்தம்பி அதை அரசாங்கம் அனுப்பிய நெல் களஞ்சியம் என்று நினைத்துக் கிட்டப் போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார். மூடி திறந்தது. கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று இறங்கி வந்து அவருடைய எருத்து மாட்டைக் கொம்போடு விழுங்கியது. சாமித்தம்பி இடுப்புச் சாரனை விட்டுவிட்டு ஓடி வந்தார். பின்னால் அவை ஒன்று, இரண்டு, பத்து என்று வந்தன.

ஊர் கடற்கரைக்கு ஓடக் கிளம்பியது. மசூர் பகல் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சந்தியில் திரும்பியபோது எதிரில் ஒன்று நின்றது. தண்டு முளைத்த கண்கள், ஏழு கைகள், கழுத்தென்ற ஒன்றே கிடையாது. அந்த நேரத்திலும் தையல்காரன் புத்தி போகவில்லை: இதற்குக் கொலர் எங்கே வைப்பது என்றுதான் முதலில் தோன்றியதாம். பிறகு பெடலை மிதித்தார். அது துரத்தியது. படலையை முட்டித் திறந்து சைக்கிளை எறிந்தார். அந்த வளவில் சூறாவளி விட்டுவைத்த ஒற்றைத் தென்னையில், வாழ்க்கையில் மரமே ஏறாத மசூர் ஓலை வரைக்கும் ஏறிவிட்டார்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டார். இருமவில்லை.

அது சைக்கிளை மணியோடு தின்றது. பிறகு முன்கதவால் வீட்டுக்குள் போய், மருமகனுக்காக விரித்திருந்த பாயில் தொந்தியை வைத்து உட்கார்ந்தது.

சுஹறா சாய்ந்தமருதில் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் சல்மா உம்மா மட்டும். அடுத்த தெருக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்ததால் ஊர் அலறியதைக் கல்யாணக் கூத்து என்று நினைத்துவிட்டார். சைக்கிள் விழுந்த சத்தமும் பாய் சரசரத்ததும் கேட்டன. இருமல் கேட்காததைப் பற்றி, பாவம் தடிமனில் தொண்டை கட்டிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு பீங்கானைத் திரைக்குக் கீழால் தள்ளினார்.

பீங்கான் உடனே திரும்பி வந்தது. கழுவினாற்போல. அதோடு, டிங் என்று ஒரு தட்டு.

சல்மா உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று இரட்டிப்பாகப் போட்டுத் தள்ளினார். டிங். இன்னும் போட்டார். டிங், டிங். பெருநாள் இனிப்பென்று ஒளித்து வைத்த வட்டிலப்பத்தையும் சட்டியோடு தள்ளினார். சட்டி திரும்பி வரவில்லை. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் மசூர் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூறாவளி பிடுங்கிய தகரத்துக்குப் பதில் தகரம் கிடைக்காததால் குசினிக் கூரை திறந்தே கிடந்தது. சோற்றுப் பானையின் அடி தெரியத் தொடங்கியது. எருத்து மாட்டை விழுங்கிய சாதி அது. பானை முடிந்தால் அடுத்தது யார் என்பதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. கூப்பிட வேண்டும். ஆனால் மாமியை எப்படிப் பெயர் சொல்லி, சத்தம் போட்டு, அதுவும் மரத்திலிருந்து? மசூருக்கு வாய் ஒட்டிக்கொண்டது. சிரிக்காதீர்கள். நானாக இருந்தாலும் ஒட்டியிருக்கும்.

அப்போது ஒலிபெருக்கி பாட்டின் நடுவே நின்றது. இன்னொன்று அதைத் தின்றுவிட்டது.

"மாமி!" என்றார் மசூர். "மாமி, அது நானில்ல! நான் மரத்தில இரிக்கன்!"

சல்மா உம்மா திடுக்கிட்டார். அந்தக் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அது யாருடையதென்று எப்படித் தெரியும்?

"எவன்டா அவன் மரத்தில நிண்டு மாமி எங்கிறவன்? எங்கட மருமகன் உள்ளுக்குச் சோறு தின்னுறாரு. அவர் எழும்பி வந்தாரெண்டா உன்ட எலும்ப எண்ணிப்போடுவாரு!"

"அல்லாஹ்வுக்காக மாமி, அது மனிசனில்ல!"

"என்ட மருமகனையா மனிசனில்ல எங்கிறாய், ஹறாங்குட்டி!"

டிங், டிங், டிங் என்றது முன்னறை. மாமி கடைசி அகப்பையைச் சுரண்டினார். மசூர் ஓலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். தொண்டை காய்ந்து போயிருந்தது. அவரை அறியாமலே இருமல் வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீட்டு.

அகப்பை கீழே விழுந்தது. இருமல் மரத்தில். தட்டும் சத்தம் முன்னறையில். சல்மா உம்மா திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"யா அல்லாஹ், இதுக்கா நான் வட்டிலப்பம் குடுத்த!"

பீங்கான் நொறுங்கும் சத்தம் கேட்டது. இனி அது தட்டிக் கேட்கப்போவதில்லை. திரைக்குக் கீழால் ஒரு கத்தரிக்காய்க் கை நீண்டு வந்து தடவியது. மசூர் கண்ணை மூடிக்கொண்டு கூரை ஓட்டையை நோக்கிக் குதித்தார்; நெல் மூட்டையின் மேல், மாமிக்கு நேர் எதிரே விழுந்தார். இரண்டு பேரும் வீறிட்டார்கள், அதைப் பார்த்து அல்ல, ஒருவரையொருவர் பார்த்து. மாமி முக்காட்டை இழுத்து அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பினார். மசூர் இந்தச் சுவர்ப்பக்கம் திரும்பினார். நடுவில் அடுப்படிப் பூனை நின்றது.

"பூனே, அவருக்குச் சொல்லு, சோறு முடிஞ்சி," என்றார் மாமி.

"பூனே, மாமிய அடுப்புக்கு அங்கால போகச் சொல்லு," என்றார் மசூர். சொல்லிவிட்டு அந்தக் கையின் மேல் ஏறி உட்கார்ந்தார். இன்னொரு கை வந்தது. கொலரில் செருகியிருந்த குண்டூசிகளை எடுத்து, சட்டைக்கு ஓரம் மடிப்பதுபோல அதை நெல் மூட்டையோடு சேர்த்துக் குத்தினார். மூன்றாவது வந்து அவருடைய கழுத்தைப் பிடித்தது.

"பூனே," என்றார் மாமி. "சோறு முடிஞ்சா வந்தவருக்கு வெத்தில குடுக்கணும். அதுதான் முறை."

வெற்றிலை வட்டாவை இழுத்தார். இருந்த வெற்றிலை முழுவதையும் அடுக்கினார். பாக்கு, புகையிலை, அதன் மேல் ஒரு வருசத்துக்கென்று வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு, பின்கையால் திரைக்குக் கீழே தள்ளினார்.

மெல்லும் சத்தம். அதற்குப் பிறகு வந்த ஓலத்தை நாங்கள் கடற்கரையில் கேட்டோம்.

கைகள் எல்லாம் உருவிக்கொண்டு போயின. அது வாசலைத் தேடவில்லை, சுவரையே உடைத்துக்கொண்டு தெருவில் பாய்ந்தது. வாயிலிருந்து செக்கச் சிவப்பாக நுரை ஒழுகியது. தெருவில் நின்ற மற்றவை அதைப் பார்த்தன. என்ன விளங்கியதோ, வந்த வழியே விழுந்தடித்து ஓடிக் கிடாரத்துக்குள் ஏறின. போகிற போக்கில் ஒன்று சாமித்தம்பியின் மாட்டை வரப்பில் துப்பிவிட்டுப் போனது. மாடு உயிரோடு எழும்பி நின்றது, ஆனால் அதற்குப் பிறகு யாரையும் ஏர் பூட்ட விட்டதில்லை. வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் அந்தச் சுவரைச் சூறாவளியில் உடைந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன் சுஹறா பதறிக்கொண்டு வந்தாள். உம்மா முழுக் கதையையும் சொன்னார். கடைசியில் வெறும் பானையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னதான் இருந்தாலும், அது நல்லாத் திண்டிச்சுகா. இன்னும் தா, இன்னும் தா எண்டு கேட்டிச்சு. இந்த வீட்டில என்ட சோத்தை ஆர் அப்படிக் கேட்ட?"

திரைக்கு வெளியே கழுத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மசூருக்கு அது கேட்டது. அடுத்த நாள் பகல் இருமினார். பீங்கான் வந்தது. சாப்பிட்டார். நகத்தால் டிங் என்று தட்டினார். உள்ளே வளையல்கள் குலுங்கிய வேகத்தில் ஆணம் திரையில் தெறித்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே சட்டம்: இருமல் இல்லாமல் சோறு இல்லை. மசூர் ஒவ்வொரு வேளையும் தட்டினார். தன் சட்டைகளையெல்லாம் தானே பிரித்து அகலம் வைத்துத் தைத்தார். பேச்சு மட்டும் அதற்குப் பிறகும் கிடையாது. அவசரமென்றால் பூனை, அது செத்த பிறகு அதன் குட்டி.

எண்பத்தெட்டாம் ஆண்டில் சல்மா உம்மா திரைக்கு உள்ளே படுக்கையில் விழுந்தார். கண் திறக்கவில்லை, கஞ்சி இறங்கவில்லை, சுஹறா "உம்மா, உம்மா" என்று கூப்பிட்டும் அசையவில்லை. நான் பார்க்கப் போயிருந்தேன். மசூர் கடையிலிருந்து திரைக்கு வெளியே வந்தார். பிறகு ஒரு வெறும் பீங்கானை எடுத்து வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து நகத்தால் தட்டினார். ஒன்றும் இல்லை. இன்னொருமுறை தட்டினார்.

உள்ளே வளையல் அசைந்தது.

"முதல்ல இருமச் சொல்லுகா," என்றது கிழவியின் குரல்.

மசூர் இருமப் பார்த்தார். அழுகையில் குட்டை இருமல் நீட்டாகி, நீட்டு இருமல் பாதியில் நின்றது. எனக்கு அது யாருடைய இருமல் போலவும் கேட்கவில்லை. ஆனால் கிழவிக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அவர் பூனையைக் கூப்பிடவில்லை.

"பொறுங்க மகன்," என்றார், "கொண்டு வாறன்."